கத்திகள் வேலை தேடிப் போன வருசம்

உப்பாற்றுத்துறையில் இன்றைக்கும் யாராவது மகளுக்குக் காது குத்தியது எந்த வருசம் என்று யோசித்தால், கத்திகள் வேலை தேடிப் போனதற்கு முந்தியா பிந்தியா என்றுதான் முதலில் கேட்டுக்கொள்வார்கள். புயல் வந்த வருசத்தையும் பாலம் இடிந்த வருசத்தையும் மறந்துவிட்ட ஊர் இதை மட்டும் மறக்கவில்லை, ஏனென்றால் புயல் எல்லா ஊருக்கும் வரும், பாலம் எல்லா ஊரிலும் இடியும், ஆனால் பூட்டிய பீரோவிலிருந்து மடக்குக் கத்திகள் கிளம்பி, பாதி விரிந்து பாதி மடங்கி, கம்பளிப்பூச்சி மாதிரித் தெருவோரமாக ஊர்ந்து, முன்பின் தெரியாத வீட்டு அடுக்களையில் போய் வெங்காயம் உரித்ததாக வேறு எந்த ஊரிலும் கேள்வியில்லை.

அது சின்னத் துறைமுகம். ஆண்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்தே கப்பலுக்குப் போனவர்கள். மற்ற ஊர்க் கப்பல்காரர்கள் திரும்பி வரும்போது சென்ட் பாட்டிலும் சோப்பும் கொண்டுவருவார்கள் என்றால், இந்த ஊர்க்காரர்கள் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஒரு மடக்குக் கத்தியை வாங்கி மடியில் செருகிக்கொண்டுதான் வருவார்கள். மாமனாருக்குக் கத்தி, மச்சினனுக்குக் கத்தி, பிள்ளைக்குப் பாடம் சொன்ன வாத்தியாருக்குக் கத்தி. ஏன் கத்தி என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. கொடுக்கும்போது மட்டும் ஒரு முறை உண்டு: கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இருவருக்கும் நடுவில் சண்டை வரும். கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும், வாங்குபவர் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படிக் குனிந்து குனிந்தே அந்த ஊர் மாமனார்களில் பாதிப் பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

கத்திகள் பெருகவே கத்திப் பைத்தியமும் பெருகி, கடைசியில் ஒரு சபையில் வந்து நின்றது. மடக்குக் கத்தி அன்பர் சபை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பலவேசம் டீக்கடை மாடியில் கூடும். மாடியில் இரண்டு பெஞ்சுகள். ஒன்றில் கத்தியைப் புழங்குகிறவர்கள் உட்காருவார்கள், எதிர்ப் பெஞ்சில் சேர்க்கிறவர்கள். கத்தி வெட்டுவதற்கா வைப்பதற்கா என்பதுதான் பேச்சு. சபை தொடங்கிய நாளிலிருந்து அதைத் தவிர வேறு பேச்சு பேசியதில்லை, அதற்கு முடிவும் கண்டதில்லை.

"வெட்டாத கத்தி வெறும் தகரம்வே" என்பார் புழங்குகிற பெஞ்சின் தலைவர் சூசை மிக்கேல். கப்பலில் பாய்லர் பார்க்கிற ஆளாக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு வாரில் எந்நேரமும் ஒரு கத்தி தொங்கும், சட்டைப்பையில் இன்னொன்று.

"வெட்டுன கத்தி எவன் வீட்லயும் கெடக்கும். வெட்டாத கத்தி எவன் வீட்ல இருக்கு?" என்பார் சேர்க்கிற பெஞ்சின் தலைவர் தவசிமுத்து.

அதற்குள் கீழேயிருந்து வடைப் பொட்டலம் வரும். பொட்டலத்தின் நூலை யார் கத்தியால் அறுப்பது என்பதில் புழங்குகிற பெஞ்சுக்குள்ளேயே தகராறு வரும். எண்ணெய் பட்டால் பிடி கெட்டுப்போகும் என்று ஒருவர் பின்வாங்குவார், நேற்றுத்தான் சாணை பிடித்தேன் என்று மற்றொருவர் இழுப்பார். சூடு ஆறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் பலவேசமே நூலைப் பல்லால் கடித்துப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டுப் போவார்.

தவசிமுத்து உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தார். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்ந்து விழுகிற ஊரில், இரும்பைத் துருவிடாமல் காப்பது லேசான காரியமில்லை. பீரோ நிறையச் சிவப்பு வெல்வெட் தட்டுகள், தட்டுகள் நிறையக் கத்திகள். எந்தத் தேசத்திலிருந்து வந்ததோ அந்தத் தேசத்தின் பெயரையே அவற்றுக்கு வைத்திருந்தார்: ஸ்பெயின்காரி, ஜெர்மன்காரன், ஜப்பான்காரி. வெள்ளிக்கிழமை தோறும் குளித்துவிட்டு வந்து, மனைவியின் தையல் மெஷின் எண்ணெயை எடுத்து, கோழி இறகால் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றுக்கும் பூசி, மல் துணியால் துடைத்து, விரலடையாளம் படாமல் திரும்ப வைப்பார். மனைவியின் மெஷின் மட்டும் எண்ணெயில்லாமல் கிறீச்சிட்டுக்கொண்டு கிடக்கும்.

மனைவி பெயர் சண்முகக்கனி. வீட்டு முன்னறையில் தையல் வேலை. கல்யாணமான முதல் மாம்பழக் காலத்தில், தன் முதல் தையல் கூலியைக் கொண்டு ஒரு கப்பல்காரரிடம் அவள் ஒரு கத்தி வாங்கினாள். எருமைக் கொம்புப் பிடி, ஒற்றை அலகு, நுனியில் ஒரு பித்தளை வளையம். அதைக் கீழே வைத்து, "இத வச்சி எனக்கு ஒரு மாம்பழம் நறுக்கித் தாங்க" என்று கேட்டாள். புது மாப்பிள்ளை தவசிமுத்து குனிந்து எடுத்தார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. "இவ்ளோ அழகான கத்தியிலயா மாம்பழம் நறுக்குவாவ? மாம்பால் பட்டா கறுத்துப் போவும்லா" என்று சொல்லி, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். அதுதான் அவருடைய சேகரிப்பின் முதல் கத்தி. அதற்குப் பிறகு முப்பது மாம்பழக் காலம் வந்து போயிற்று. அவள் தானே அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்கித் தட்டில் கொண்டுவந்து வைத்தாள், அவர் சாப்பிட்டார். அந்தக் கத்தி மட்டும் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது, அதைப் பற்றிச் சபையில் பேசும்போதெல்லாம் தவசிமுத்து பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொள்வார்.

அப்படி இருக்கையில் ஒரு வைகாசி மாதத்து முற்பகலில், தெருவெல்லாம் மீன் கூடை இறங்கி, எல்லா வீட்டு அடுக்களையிலும் நறுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தவசிமுத்துவின் பீரோவுக்குள்ளிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. எலி என்று நினைத்து அவர் கதவைத் திறக்க, இத்தனை நேரம் கதவில் முட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின்காரி முதலில் இறங்கினாள், பின்னால் ஜெர்மன்காரன், அவனுக்குப் பின்னால் மற்றவை, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் போல. அவர் காலுக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கி, வாசற்படியில் விழுந்து எழுந்து, ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் வெயிலில் இறங்கிப் போயின. அந்த நேரம் பார்த்து வந்த மினிபஸ் நின்று வழிவிட்டது. டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை.

ஊர் திகைக்கவில்லை. வேலையில்லாமல் வீட்டில் கிடக்கும் பிள்ளைகள் ஒருநாள் கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ கிளம்பிப் போவதைப் பார்த்துப் பழகிய ஊர் அது. கத்திகளுக்கும் ரோஷம் வந்துவிட்டது, அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் முறைகளும் உண்டாகிவிட்டன. கத்தி வாசலுக்கு வந்தால் முதலில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் காட்ட வேண்டும், அதை வெட்டிவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பினால் தங்கப்போகிறது என்று அர்த்தம். வந்த கத்தியை வா என்று கூப்பிடலாம், போ என்று சொல்லக் கூடாது. பிறகு பெருமை தொடங்கியது. பெண் பார்க்க வந்தவர்களிடம் "எங்க வீட்டுக்கு மூணு கத்தி வந்திருக்கு" என்றார்கள், அந்த வீட்டில் சமையல் நடக்கிறது, நன்றாகவும் நடக்கிறது என்று அதற்குப் பொருள். கத்தி வராத வீட்டு மாமியார்கள் மருமகள்களைக் குத்திக் காட்டினார்கள். "கத்திக்குக்கூட தெரிஞ்சிருக்கு இந்த வீட்ல கடையில வாங்கித் திங்கோம்னு." வருசக் கணக்காக ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டு வந்த வீடுகளில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, தெருவுக்குக் கேட்கும்படி முருங்கைக்காயை நறுக்கினார்கள். பரோட்டாக் கடை வியாபாரம் படுத்துவிட்டது.

தவசிமுத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். திருட்டா என்று ஏட்டு கேட்டார். இல்லை, தாமாகப் போனவை என்றார் இவர். மிரட்டி யாரும் கூட்டிப் போனார்களா? இல்லை. வீட்டில் ஏதும் கொடுமை உண்டா? தவசிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பூ மாதிரி வச்சிருந்தேன் சார், ஒரு வேலை சொன்னதில்ல" என்றார். ஏட்டு பேனாவை மூடினார். அவருடைய டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கத்தி உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தது. தவசிமுத்து உற்றுப் பார்த்தார், அது ஜெர்மன்காரன். அவரைக் கண்டதும் டக்கென்று மடங்கிக்கொண்டு, தெரியாத மாதிரி இருந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக்கு சூசை மிக்கேல் சிரித்துக்கொண்டே வந்தார். இடுப்பில் கத்தி இருந்தது, பையிலும் இருந்தது.

"இப்பமாவது ஒத்துக்கிடுங்க அண்ணாச்சி. புழங்குத கத்தி போவாது. வெல்வெட்டுல படுக்கவச்ச கத்திதான் போவும்."

சொல்லி முடிக்கவில்லை, இடுப்பு வார்க் கத்தி தானாகக் கழன்று கீழே விழுந்து, மாடிப்படியைப் பார்த்து ஊர்ந்தது. பைக் கத்தி எட்டிப் பார்த்து, அதன் பின்னாலேயே குதித்தது.

"ஏன்வே மிக்கேலு, அது என்னத்த வெட்டிட்டிருந்துச்சி?" என்று தவசிமுத்து கேட்டார்.

"அட்டப்பெட்டி."

"என்ன அட்டப்பெட்டி?"

"பார்சல்ல வார அட்டப்பெட்டிதான்."

"பார்சல்ல என்ன வரும்?"

மிக்கேல் தரையைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்களும் தரையைப் பார்த்தார்கள், ஏனென்றால் அவர்கள் எல்லாருடைய கத்தியும் அதே வேலையைத்தான் செய்துவந்தது. "கத்தி" என்றார் மிக்கேல் மெல்ல. "ஒரு கத்தி வந்தா, அடுத்த கத்தி வந்த பெட்டிய அத வச்சி வெட்டுவேன். அதும் வேலைதான?"

படியேறி வந்துகொண்டிருந்த பலவேசம் சிரித்த சிரிப்பில் வடைத் தட்டு ஆடியது. அன்றைக்கு இரண்டு பெஞ்சுக்காரர்களும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, வாழ்நாளில் முதல் முறையாகக் கத்தியைப் பற்றிப் பேசாமல் வடை தின்றார்கள். வடை நன்றாக இருந்தது.

ஆனால் தவசிமுத்துவுக்கு வேறொரு கவலை இருந்தது. மற்றவை போனது போகட்டும், தேசாந்தரிகள். சண்முகக்கனி வாங்கித் தந்த கத்தியும் போய்விட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது சுற்றி வைத்த துணி, சட்டையைக் கழற்றிப் போட்ட மாதிரிக் கிடந்தது. இதை அவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? உன் கத்தியை உயிர் மாதிரிக் காக்கிறேன் என்றுதானே முப்பது வருசமாக, ஒரு மாம்பழம்கூட நறுக்கித் தராமல், பேர் வாங்கிக்கொண்டிருந்தார்? அவர் வெறும் பெட்டியைப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

"எல்லாம் போயிட்டே. நான் தந்தது மட்டும் இருக்கா?" என்று அன்றைக்குச் சோறு போடும்போது சண்முகக்கனி கேட்டாள்.

"இருக்கு, இருக்கு. அது எங்க போவும்?"

"ஒரு மட்டம் காட்டுங்களேன், பாத்து நாளாச்சி."

"இப்பத்தான் எண்ணெ போட்டிருக்கேன். காத்துப் படக் கூடாது."

"ஓஹோ" என்றாள் அவள். சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பீன்ஸ் பொரியல் வைத்தாள்.

பீன்ஸ் கடுகு கடுகாக, ஒரே அளவில் இருந்தது. "நல்லா பொடியா நறுக்கிருக்கியே" என்றார் தவசிமுத்து, பேச்சை மாற்றிய நிம்மதியில்.

"கை பழகிட்டு" என்றாள்.

மறுநாளிலிருந்து அவர் ஊர் அடுக்களைகளை ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தார். அவள் கண்டுபிடிப்பதற்குள் கத்தியைக் கண்டுபிடித்து, கையைக் காலைப் பிடித்தாவது கூட்டி வந்து, பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். வீட்டில் சொல்லும் காரணம் உப்பளம், போவது அடுக்களை. தன் வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றாலும் கூடத்தில் இருந்தபடியே கனி என்று ஒரு குரல் கொடுப்பவர், இப்போது முன்பின் தெரியாத வீடுகளில் புளிப்பானைக்கும் கிரைண்டருக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து, "எருமக் கொம்புப் பிடி, பித்தள வளையம், இப்பிடி ஒண்ணு வந்துச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னவர்கள், வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று ஏதாவது ஒன்றைத் தட்டில் வைத்தார்கள். மனிதர் வேட்டியை நெகிழ்த்திக் கட்ட வேண்டிவந்தது.

தேடிய கத்தி கிடைக்கவில்லை, தேடாத கத்திகள் எல்லாம் கிடைத்தன. ஸ்பெயின்காரி கல்யாண சமையல்காரர் ஒருவரிடம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அழுத முகமும் சந்தோஷமுமாக. ஜப்பான்காரி மீன்காரி மரியசெல்வியிடம் போய்ச் செதில் மூடிக் கிடந்தாள். பன்னிரண்டு கருவிகள் மடங்கிய பெரிய கத்தி, சபையில் எல்லாரும் கும்பிட்ட கத்தி, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வீட்டில் இருந்தது. அவர் அதில் பல் குத்தும் ஊசியை மட்டும்தான் பயன்படுத்துகிறார். மற்ற பதினொன்றும் வேலையில்லாமல் இருந்தும் ஒன்றும் போகவில்லை, ஒருவருக்கு வேலை கிடைத்தாலே குடும்பம் ஊன்றிவிடுகிறது போலும். ஸ்பெயின்காரியை ஒருநாள் சொல்லிக் கெஞ்சிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். அவர் இறங்குவதற்கு முந்தின நிறுத்தத்திலேயே அவள் இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டில் சண்முகக்கனி விடவில்லை. "அதுக்கு ஒரு உறை தைக்கலாம்னு பாக்கேன், அளவெடுக்கக் கொஞ்சம் தாங்க" என்பாள் ஒருநாள். "நம்ம கல்யாண நாள் வருதுல்லா, அன்னைக்கி எடுத்து வெளிய வைங்க, கும்பிடலாம்" என்பாள் இன்னொரு நாள். அவர் சோற்றைப் பிசைந்தபடி எண்ணெய், காற்று, உப்பு என்று எதையாவது சொல்வார். தட்டில் கேரட் நூலாக இருக்கும், சுரைக்காய் கண்ணாடிச் சில்லாக இருக்கும், அவர் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, மனதுக்குள் அழுதுகொண்டே கை கழுவுவார். பொய் சொல்லிப் பழகாத மனிதர், பொய்க்குப் பொய் முட்டுக் கொடுத்து இளைத்திருக்க வேண்டியவர், ஊர்ச் சாப்பாட்டினால் கொழுத்துக்கொண்டு வந்தார்.

கல்யாண நாளும் வந்துவிட்டது. ஊரில் பார்க்காமல் மிஞ்சியிருந்தது ஒரே ஓர் அடுக்களைதான், சூசை மிக்கேல் வீட்டு அடுக்களை. எதிரி வீட்டுக்குப் போவதா என்று இத்தனை நாள் ஒதுக்கிவைத்திருந்தார். போனார். மிக்கேல் மனைவியின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்று, கணவாய் மீனை வளையம் வளையமாக வெட்டிக்கொண்டிருந்தார். இடுப்புக் கத்தியும் பைக் கத்தியும் திரும்பி வந்து அவர் கையடியில் மாறி மாறி வேலை செய்துகொண்டிருந்தன.

"பாத்தேன் அண்ணாச்சி" என்றார் மிக்கேல் கொஞ்சம் வெட்கத்தோடு. "கத்தி வரணும்னா சமையல்தான் வழின்னு இறங்கிட்டேன். வீட்டுக்காரி டீவி பாக்கா. உங்களுக்கு என்ன வேணும்?"

தவசிமுத்துவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கணவாய் நாற்றத்துக்கு நடுவில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: கத்தி போனது, பெட்டி வெறுமையானது, இன்றைக்குச் சாயங்காலம் அதை வெளியே எடுத்து வைக்க வேண்டியிருப்பது. மிக்கேல் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எல்லா வீட்லயும் பாத்தாச்சா?"

"ஒண்ணு விடல."

"உங்க வீட்ல?"

"எங்க வீட்ல இருந்துதான்வே போச்சு!"

"பெட்டியில இருந்து போச்சு, சரி. நான் அடுக்களையக் கேக்கேன். கனி மைனி என்னத்த வச்சி காய் நறுக்குதாவ?"

"அருவாமனைதான். வேற என்ன?"

மிக்கேல் அவரை விநோதமாகப் பார்த்தார். "மைனிக்கு முட்டிவலி வந்து தரையில உக்கார முடியலன்னு என் வீட்டுக்காரிதான தைலம் கொடுத்து விட்டா. அது ஆச்சி எம்புட்டோ மாசம். மைனி எப்பிடி அருவாமனையில உக்காருவாவ?"

தவசிமுத்து சட்டென்று வாசலைப் பார்த்துத் திரும்பினார். ஜப்பான்காரியின் பிடியில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்ததை விளக்கு வெளிச்சத்தில் கண்டுபிடித்தவருக்கு, மனைவி தரையில் உட்காருவதில்லை என்பது தெரிந்திருக்கவில்லை. அவமானமாக இருந்தது. செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு, மிக்கேலின் ஒரு செருப்பும் தன் ஒரு செருப்புமாக, வீட்டைப் பார்த்து நடந்தார். கத்தி கிடைத்தாலும் சரி கிடைக்காவிட்டாலும் சரி, போய்ச் சொல்லிவிடுவது என்று வழியிலேயே தீர்மானித்துக்கொண்டார்.

கூடத்தைத் தாண்டினார். தன் வீட்டு அடுக்களை வாசல் இத்தனை தாழ்வு என்பது நெற்றி இடித்தபோதுதான் தெரிந்தது. சண்முகக்கனி மேடைக்கு முன்னால் நின்று, மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையில் எருமைக் கொம்புப் பிடி, அதன் நுனியில் பித்தளை வளையம் ஆடிக்கொண்டிருந்தது. அலகு, அவர் பயந்த மாதிரியே, பால் பட்டுப் பட்டுக் கறுத்துப்போயிருந்தது. மேடையில் எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் கிடந்தன.

"வாங்க" என்றாள், விருந்தாளியைக் கூப்பிடுவது போல. "ஊரெல்லாம் பாத்தாச்சா?"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதென்று சொல்வார்கள். தவசிமுத்து நெய் சேர்ந்த சாப்பாட்டையே அத்தனை நாளும் சாப்பிட்டுவிட்டு அலைந்திருக்கிறார். நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இது எப்ப வந்துச்சி?"

"எல்லாத்துக்கும் முன்னால. முதல் முதல்ல எறங்குனது இதுதான், மத்ததெல்லாம் இதப் பாத்துத்தான் கெளம்பிச்சு. முந்தின நாள் காலையிலயே வந்து என் கால்ட்ட நின்னுச்சி. நல்ல நேரத்துக்கு வந்துச்சி, முட்டி அப்பிடி வலிச்சிது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?" அவள் குரல் அப்போதுதான் லேசாக உடைந்தது. "ஊர்ல எல்லார் வீட்டு அடுக்களையிலயும் போய் உக்காந்து கேட்டிய. இங்க வருவிய, இன்னைக்கி வருவியன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க என்னடான்னா வெறும் பெட்டியப் பூட்டி வச்சிக்கிட்டு, காவல் காக்குத மாதிரி எங்கிட்ட காட்டுதிய."

அவர் அழுதார். அறுபதை நெருங்கிய உப்பள மேஸ்திரி, மாங்காய்க்குப் பக்கத்தில் நின்று, துடைக்கத் துணி எது என்றுகூடத் தெரியாமல் அழுதார். அவள் முந்தானையால் கத்தியைத் துடைத்தாள், பிறகு அதே முந்தானையை அவரிடம் நீட்டினாள். கூடையிலிருந்து பழுத்த பங்கனபள்ளி ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கத்தியின் பிடியை அவர் பக்கமாகத் திருப்பி நீட்டினாள்.

"கீழ வை" என்றார் அவர், பழக்கத்தில்.

"வைக்க மாட்டேன். கையில வாங்குங்க."

"சண்ட வரும்லா?"

"வரட்டும். முப்பது வருசத்துல நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு நல்ல சண்ட வந்திருக்கா? எண்ணெ போட்டு, துணியில சுத்தி, என்னையும் பத்திரமாத்தான் வச்சிருந்திய. எனக்கும் ஒண்ணும் கொறையில்ல. ஆனா ஒரு கீறல் உண்டா?"

அவர் கையில் வாங்கினார். வானம் இடியவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாம்பழத்தின் நடுவில் கத்தியை வைத்து அழுத்தினார், அது கொட்டையில் போய் நின்றது.

"அப்பிடியில்ல. சாய்ச்சிப் பிடிங்க, கன்னத்தோட அறுங்க" என்றாள் அவள்.

"கத்தியப் பத்தி எனக்குச் சொல்லித் தாறியா?"

"கத்தியப் பத்திச் சொல்லல, மாம்பழத்தப் பத்திச் சொல்லுதேன்."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? என் மெஷினுக்கு எண்ணெயில்லன்னு தெரியுமா?"

இப்படித்தான் தொடங்கியது. மெஷின் எண்ணெயிலிருந்து முட்டிவலிக்குப் போயிற்று, முட்டிவலியிலிருந்து அவர் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிற்று, அங்கேயிருந்து எங்கெங்கோ போயிற்று. முப்பது வருசமாக வெல்வெட்டில் படுத்திருந்த சண்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கி நடந்தன. தன் செருப்பைத் தேடி வந்த சூசை மிக்கேல் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். எதிர்வீட்டுக்காரி என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தபோது, "ஒண்ணுமில்லம்மா, அந்தக் கத்தி கெடச்சிட்டு" என்று சொல்லிவிட்டு, ஒற்றைச் செருப்போடு திருப்தியாகத் திரும்பிப் போனார்.

உள்ளே மாம்பழம் ஒருவழியாக நறுக்கி முடிந்தது. துண்டுகள் கோணலும் மாணலுமாக இருந்தன, சாறு முழங்கை வரை வழிந்தது, அவர் கட்டைவிரலில் ஒரு கீறலும் விழுந்திருந்தது. சண்முகக்கனி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள், கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு இருவரும் கடைசித் துண்டு வரை தின்றார்கள். தட்டில் கொட்டை மட்டும் மிஞ்சியது, இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் அதன்மேல் விழுந்தன. நறுக்கினவனுக்குத்தான் கொட்டை என்றார் தவசிமுத்து. கத்தி வாங்கினவளுக்குத்தான் கொட்டை என்றாள் சண்முகக்கனி. உப்பாற்றுத்துறையில் மாம்பழக் காலம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, இன்றைக்கும் யாரும் சந்தைக்குப் போவதில்லை. அந்த வீட்டு வாசலில் நின்று காது கொடுத்தால் போதும்.